ஏழாம் நம்பர் குதிரைக்கு ஒரு நேர்த்தி

என் கணவருக்கு மூன்று வாரம் லீவு. அவ்வளவையும் தெருமுனைப் பப்பில், டிவியில் குதிரை ஓடுவதைப் பார்த்தே கழித்தார். பந்தயமும் கட்டுவதில்லை, சும்மா பார்ப்பாராம். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கடைசி வெள்ளிக்கிழமை பொறுமை போய், பொட்டும் சேலையுமாகப் பப்புக்குள்ளேயே போய்விட்டேன்.

"எழும்புங்கோ! வெக்கமா இல்லையோ?"

"இந்த ஒரு ரேஸ் முடியட்டும். ஏழாம் நம்பரைப் பாரும், பாவம், கடைசியில வருது."

பார்த்தேன். அதுதான் நான் செய்த பிழை. அந்தக் குதிரை வளைவில் திடீரென்று ஒவ்வொன்றாக முந்தத் தொடங்கியது. நான் எப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தேனோ, எப்போது எழுந்து நின்றேனோ தெரியாது.

"பிள்ளையாரப்பா, இது முதலாவதா வந்தால் உனக்குப் பதினொரு தேங்காய்!"

நான் கத்தியதில் பப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குதிரை வென்றுவிட்டது.

மறுநாள் கணவர் தேங்காய்களைக் காரில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப் போனார்.

"என்ன நேர்த்தி, அம்மா?" என்று ஐயர் கேட்டார்.

"குடும்ப நன்மைக்கு, ஐயா" என்று சந்நிதியில் நின்று பொய் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற கணவர் வாயே திறக்கவில்லை. மூன்று வாரம் நான் பேசிய பேச்சுக்கெல்லாம் பதிலாக அந்த ஒரு மௌனம் போதுமாயிருந்தது. அதன்பிறகு அவருடைய லீவைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை.