தம்பியின் பகல் நித்திரை

தண்ணீர்ச் சறுக்கு என்றாலே எனக்கு இன்றும் வயிறு எரியும். ஒன்பது வயதில் அதற்கு முன்னால் ஒரு முழுப் பகல் காத்திருந்து, ஏறாமலே திரும்பி வந்தவள் நான். எல்லாம் ஒன்றரை வயதுத் தம்பியின் நித்திரையால் வந்த வினை.

எங்கள் வீடு குருநகரில். அப்பா இரவில் கடலுக்குப் போய் விடியத்தான் கரைக்கு வருவார். மீனைக் கொடுத்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் பாயில் சாய்ந்தால் பின்னேரம்தான் எழும்புவார். தம்பி பிறந்த நாளிலிருந்து அவர் நெஞ்சில் குப்புறக் கிடந்துதான் நித்திரை கொள்வான். அப்பாவின் குறட்டையே அவனுக்குத் தாலாட்டு. பகல் முழுக்க அப்படிக் கிடந்துவிட்டு, இரவில் கொட்டக் கொட்ட விழித்திருந்து அம்மாவின் உயிரை எடுப்பான். பகலில் வீட்டுக்குள் ஒரு கரண்டி விழுந்தாலும் அம்மா என்னைப் பார்க்கிற பார்வையில் நான் பாதியாகிவிடுவேன்.

அந்தப் பள்ளி விடுமுறையில் அப்பா திடீரென்று சுற்றுலா போவோம் என்றார். எங்கள் சுற்றுலா பண்டத்தரிப்புவரைதான். சின்னம்மா வீட்டில் இரண்டு இரவு தங்கி, அங்கே புதிதாகத் திறந்திருந்த பார்க்கில் ஒரு நாள் விளையாடுவது. ஓட்டோவில் ஒரு மணி நேரம்கூட ஆகாத அந்தப் பயணத்துக்கு வெளிநாடு போகிறவர்கள்போல் பெட்டி கட்டினோம். காய்ச்சலோடும் கடலுக்குப் போகிற அப்பா மூன்று நாள் வலையைத் தொடாமல் இருந்தார். ஏனென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கிடைத்ததே பெரிது என்றிருந்தேன்.

சறுக்கு நீல நிறத்தில் மூன்று வளைவு வளைந்து தண்ணீரில் போய் விழுந்தது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் ஏறலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. அம்மா கடற்கரையில் பிறந்தும் காலை நனைக்கப் பயப்படுகிறவர். ஆகவே அப்பாதான் வரவேண்டும். தம்பியோ விழித்திருக்கும்வரை அப்பாவின் சேர்ட்டை விடமாட்டான். அவன் நித்திரையானால்தான் எனக்கு விமோசனம்.

நெஞ்சில் போட்டு நித்திரையாக்கினால் அப்பாவும் அசைய முடியாது. ஆனால் அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு கிழமையாகவே அவருக்கு ஒரே பிடிவாதம்: தம்பி இனி அப்பாவின் நெஞ்சில் படுக்கக்கூடாது, சேலையில் கட்டும் ஏணையில்தான் படுக்கவேண்டும். பார்க்கில் ஒரு கிடுகுக் கொட்டிலைக் கண்டதும் பையிலிருந்து பழைய சேலையை எடுத்துக் கூரை வளையில் கட்டத் தொடங்கிவிட்டார். காவலாளி ஓடிவந்தார்.

"இதிலை ஏணை கட்டக்கூடாது அக்கா."

"அப்ப இவனை நீர் ஒருக்கா நித்திரையாக்கித் தாரும் தம்பி, நான் அவிட்டிடுறன்."

தம்பி அந்த நேரம் பார்த்து வீரிட்டு அழுதான். காவலாளி வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

பதினொரு மணிக்குக் கிடத்தினோம், ஏணைக்குள் எழுந்து நின்றான். பன்னிரண்டுக்குக் கிடத்தினோம், கண் சொருகுகிற நேரத்தில் பிள்ளைகளை ஏற்றிப் பார்க்கைச் சுற்றும் சின்னக் கோச்சி கூவிக்கொண்டு போனது. புட்டும் மீன்பொரியலும் சாப்பிட்டபின் நான் ஆட்டினேன். ஒரு கையால் ஏணையை ஆட்டிக்கொண்டு மறு கையால் சிலுவை போட்டு, இவனை எப்படியாவது நித்திரையாக்கு என்று அந்தோனியாரைக் கெஞ்சினேன். அந்தோனியாருக்கும் அவனை நித்திரையாக்கத் தெரியவில்லை.

அப்பா பக்கத்தில் குந்தியிருந்து அவன் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் கையை நீட்டினார்.

"இஞ்சை தாரும். இண்டைக்கு மட்டும்."

"இண்டைக்குக் குடுத்தால் உவன் நாளைக்கும் கேப்பான்," என்றார் அம்மா. "நாளைக்கு நான் எங்கை போறது?"

அப்பா கையை மடித்து வைத்துக்கொண்டார். அம்மா சொல்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

மூன்று மணிக்கு அது நடந்தது. தம்பி ஏணையில் நித்திரையானான். அம்மா மூச்சு விடாமல் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். "ஓடுங்கோ ரெண்டுபேரும்," என்று வாயசைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவக் குழாயடிக்குப் போனார். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவரும் இரண்டு அடி வைத்தார். பிறகு திரும்பிப் போய், சேலையை விலக்கி உள்ளே பார்த்தார். கனநேரம் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் உள்ளே விட்டு அவனைத் தூக்கிவிட்டார்.

அவன் சிணுங்கினான். அப்பா கொட்டிலின் சீமெந்துத் தரையில் மல்லாந்து, அவனை நெஞ்சில் போட்டுக்கொண்டார். நொடியில் அடங்கிப்போனான்.

"அவன் நித்திரையாத்தானே கிடந்தவன்."

"முழிச்சிட்டான் பிள்ளை."

கண்ணுக்கு முன்னால் இப்படியொரு பொய். அம்மா வந்ததும் நான் ஒன்றையும் விடாமல் கோள் சொன்னேன். "அவன் எழும்பேல்லை அம்மா. அப்பாதான் தூக்கினவர்." இன்றைக்கு அப்பாவுக்கு நல்ல பூசை இருக்கு என்று காத்திருந்தேன். அம்மா ஏச்சில் கெட்டிக்காரி. ஆனால் அவர் பாத்திரங்களைக் கீழே வைத்துவிட்டு ஏணையை அவிழ்த்தார். அதை நாலாக மடித்து, எட்டாக மடித்து, முகத்தில் வைத்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பி இருந்துவிட்டார்.

அப்பா ஒரு கையைத் தரையில் விரித்தார்.

"நீயும் வா பிள்ளை. இந்தப் பக்கம் இடம் கிடக்கு."

"எனக்குப் படுக்கத் தேவையில்லை," என்றேன். சறுக்குக்கு முன்னால் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். ஐந்து மணிக்குத் தண்ணீரை நிறுத்தும்வரை நான் திரும்பியே பார்க்கவில்லை.

அடுத்த கிழமை கடலுக்குப் போன அப்பா விடியக் கரைக்கு வரவில்லை. வெளிநாட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போன படகு ஒன்றில் அவரும் போயிருந்தார். அம்மாவுக்கு அது ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். தம்பி நாலு நாள் பத்து மணியானதும் வெறும் பாயில் போயிருந்து அழுதான். ஐந்தாம் நாள் ஏணையில் நித்திரையானான். அம்மா அவனை ஆட்டியபடி அழுதார்.

பதின்மூன்று வருடமாயிற்று. அந்த நாடு அப்பாவை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இங்கே வந்தால் திரும்பிப் போகமுடியாது என்பதால் வரவும் முடியவில்லை. இனி வருவார் என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசித் திரையில் தெரிவார், ஒவ்வொரு முறையும் தலை இன்னும் கொஞ்சம் நரைத்திருக்கும். என்னைவிட உயர்ந்துவிட்ட தம்பி, "ஓம், ஓம்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் தள்ளிவிடுவான். பாவம், அவன்மீது குற்றமில்லை. அவன் படுத்துக்கிடந்த அந்த நெஞ்சு அவனுக்குத் துளியும் ஞாபகமில்லை.

எனக்கு, நான் போய்ப் படுக்காத அந்த மற்றப் பக்கம் ஞாபகமிருக்கிறது. இரண்டு மணி நேரம் அப்பா விரித்த அந்தக் கையை மடிக்கவேயில்லை என்று அம்மா பிறகு சொன்னார்.