துவக்குக்குக் காவல்

எனது துவக்கு மூன்று துண்டுகளாகச் சாக்கில் சுற்றிக் கல்முனை வீட்டுக்கு வந்தது. அனுமதி எடுத்து, யானை விரட்டுவதற்காக வாங்கியது. இறக்காமத்தில் இருந்த எங்கள் வயல்தான் எங்களுக்கு வருடச் சோறு. யானை இறங்கினால் சோறில்லை.

அதைப் பூட்டி முடிக்க எனக்கு ஒரு பகல் பிடித்தது. குழல் சரியாக உட்கார்ந்தால் முன்கட்டை முறைக்கும். முன்கட்டையைச் சமாளித்தால் குழல் கழன்று வரும். கடைசியில் 'டக்' என்று பூட்டிக்கொண்டபோது, கல்யாணத்தன்றுகூட வராத சிரிப்பு எனக்கு வந்தது. அதோடு நின்றேனா? சைக்கிள் டியூப்பை அறுத்துக் குழலுக்குக் கீழே டோர்ச் லைட் கட்டினேன். தோளில் போடத் தோல் வார் தைத்தேன். தோட்டா வைக்கத்தான் ஒன்றும் அகப்படவில்லை. மாமா ஹஜ்ஜுக்குக் கட்டிப்போன பச்சை இடுப்புவார் அலுமாரியில் கிடந்தது. அதில் நல்ல பைகள் இருந்தன.

"மச்சான், வாப்பா மக்கத்துக்குக் கட்டிப்போன வாரு அது. அதிலயா தோட்டாவப் போடுறீங்க?" என்றாள் மனைவி.

"ஆனைக்கு மக்கம் தெரியுமா புள்ள?" என்றேன். பகிடி விட முடிந்த காலம் அது.

எண்பதுகளின் நடுவில் எல்லாம் கெட்டது. யார் வீட்டில் துவக்கு இருக்கிறது என்று இயக்கப் பொடியன்களும் தேடினார்கள், படையினரும் தேடினார்கள். ஒரு பக்கத்துக்குக் கொடுத்தால் ஏன் கொடுத்தாய் என்று மறுபக்கம் கேட்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வயலுக்குக் கொண்டுபோகலாம் என்றால் வழியெல்லாம் சோதனைச் சாவடி. மனைவியை நம்பி வீட்டில் விட்டுப் போகலாம் என்றால், அவள் தனியே இருக்கும்போது அவர்கள் வந்தால்?

துவக்கைத் திரும்பவும் கழற்றினேன். குழல் கூரைக்குள் போனது, மற்றவை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போயின. நான் வீட்டுக்குள் போனேன். பட்டப்பகலிலும் கதவுக்குத் தாழ்ப்பாள். ஜும்ஆவுக்கு ஓடிப்போய் ஓடிவருவேன். நாய் குரைத்தால் தாழ்ப்பாளை இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பேன். வயலைக் காக்க வாங்கிய சாமானுக்கு நான் காவல் இருந்தேன். எனக்கே என்மீது எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் எங்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் வயற்காரன் சைக்கிளில் வந்தான். "காக்கா, ஆனை எறங்கிட்டு. கதிர் முத்துற நேரம். நீங்க துவக்கோட வந்தாத்தான் சரி."

"எனக்குக் காய்ச்சல்" என்றேன். அவன் பாவம், நம்பிவிட்டான். மல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனான். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, மத்தியானச் சோற்று நேரம், இரண்டு பொடியன்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"காக்கா, துவக்க எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.

"பூட்டித் தாங்க."

முதல்முறை ஒரு பகல் எடுத்த வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ஒருவன் டோர்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்து, "வடிவாச் செஞ்சிருக்கீங்க காக்கா" என்றான். மானங்கெட்ட மனசு, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

தோட்டா கேட்டார்கள். மனைவி வாரின் பைகளைப் பாயில் கவிழ்த்தாள். வாரைக் கொடுக்கவில்லை. "இது எங்கட வாப்பாட" என்றாள். அவர்களும் அதைக் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் அவள் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"இனிப் போங்க மச்சான், வயலுக்கு."

போனேன். சாவடியில் தடவிப் பார்த்தார்கள். என்னிடம் என்ன இருக்கிறது? வயலில் கதிர் என்று சொல்ல ஒன்றுமில்லை. மிதிபட்ட சேறும், யானைக் காலடிகளில் தேங்கிய தண்ணீரும்தான். வரம்பில் குந்தியிருந்த வயற்காரன் என்னைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"காய்ச்சல் சுகமா காக்கா?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.