சிவப்புக் கோட்டுக்குள் ஒரு மணி நேரம்

இருபது வருடமாக இசைக்காரர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேமரா என் கணவர் கையில். கேள்வி கேட்பது, ஒலிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் நான். நாதஸ்வரக்காரர்கள், பஜனை கோஷ்டி, சர்ச்சில் பாடும் டீச்சர்கள் என்று திருச்சியைச் சுற்றியே பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்துவிட்டோம். எதிலும் என் நிழல்கூட விழுந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வருடம் பாலக்கரையில் ஒரு பேண்டு செட்டைப் படமெடுத்தோம். மாஸ்டர் கிளாரினெட் வாசிப்பவர், ஏறக்குறைய என் வயதுதான். அவரோடு பத்துப் பேர். சர்ச் தேர், தர்கா சந்தனக்கூடு, கல்யாண ஊர்வலம், யார் கூப்பிட்டாலும் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு. அம்மா மண்டபம் ரோட்டில் பூ வைத்த கார் நிற்கிறது, உள்ளே மாப்பிள்ளை வேர்த்துக்கொண்டிருக்கிறார், பித்தளைத் தாளம் தட்டுகிறவரைத்தான் காணோம். மாஸ்டர் போனில் பேசிவிட்டுச் சிரித்தபடி வந்தார்.

"மணப்பாறையில அவன் வீட்டுக்காரிக்கு வலி எடுத்துடுச்சாம். பஸ் ஏறிட்டான்."

"இப்ப என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு மாசமா எங்க கூடவே இருக்கீங்க. எல்லாப் பாட்டும் தெரியும். நீங்க தட்டுங்க மேடம்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் தாளக்காரருக்காக வைத்திருந்த சிவப்புக் கோட்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டார். "போட்டுக்கோ, போட்டுக்கோ! நான் எடுக்கிறேன்." சந்தோஷத்தில் அவருக்குக் குரலே உடைந்தது. கோட்டுக் கை என் விரலைத் தாண்டித் தொங்கியது. தொப்பி கண்ணை மறைத்தது.

முதல் பாட்டு முழுக்க நான் முந்திக்கொண்டே போனேன். பக்கத்தில் பெரிய டிரம் அடித்தவர் முழங்கையால் இடித்தார். "எதையும் யோசிக்காதீங்கக்கா. நான் அடிக்கும்போது நீங்களும் அடிங்க."

அதன் பிறகு சரியாக விழுந்தது. ஒவ்வொரு தட்டும் பல் வரைக்கும் கூசியது. இத்தனை வருடம் நான் வெளியே நின்று பதிவுசெய்த சத்தத்துக்கு உள்ளே இவ்வளவு குதூகலம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதே இல்லை!

ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் மாஸ்டரின் போன் அடித்தது. கேட்டவர் கிளாரினெட்டை உயர்த்திக் கத்தினார். "பொம்பளப் புள்ளடா! ரெண்டு பேரும் சௌக்கியமாம்!" அவ்வளவுதான், வேகம் இரட்டிப்பானது. என்ன விசேஷம் என்று தெரியாமலே மாப்பிள்ளையின் அத்தைகள் ஆடினார்கள். மாப்பிள்ளையும் காரிலிருந்து இறங்கி ஆடினார். பூக்கடைக்காரர் எங்கள்மேல் ஒரு கை உதிரிப்பூ வீசினார். நான் சிரித்த சிரிப்பில் தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது.

மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். பாயச டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மணப்பெண்ணின் அம்மாதான் பரிமாறினார்; என் கோட்டைப் பார்த்து வியந்துபோனார்.

"நீங்க எத்தனை நாளா இந்த வேலையில இருக்கீங்கம்மா?"

"ஒரு மணி நேரமா" என்றேன். எங்கள் பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

வீட்டில் போட்டுக் கேட்டால், இடுப்பில் மாட்டியிருந்த ரெக்கார்டரில் என் தாளத்தைத் தவிர வேறு எதுவும் விழவில்லை. கேமராவின் சொந்த மைக்கில் பதிவானதை வைத்துத்தான் சமாளித்தோம். என்னை வெட்டிவிடலாம் என்று நான் சொல்ல, கூடவே கூடாது என்று என் கணவர் சொல்ல, இரண்டு நாள் சண்டை. கடைசியில் அவர்தான் ஜெயித்தார்.

பாலக்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைப் போட்டுக் காட்டினோம். நான் திரையில் வந்ததும் விசில் பறந்தது. முன்வரிசையில் இருந்த மாஸ்டர், "மறுபடி போடுங்க, மறுபடி போடுங்க!" என்று எழுந்தே நின்றுவிட்டார். மூன்று தடவை போட்டோம்.