ஆறு மணிக்கு நின்ற மெஷின்

காரைக்குடிக்கு வந்த புதிதில் பார்த்தவர்கள் எல்லாரும் என்னிடம் வெயில் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார்கள். தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்றும் கேட்டார்கள். சத்தம் ஒத்துக்கொள்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கொட்டித் தீர்த்திருப்பேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில். கணவருக்குத்தான் காரைக்குடி சொந்த ஊர். கப்பலில் வேலை, வருடத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பார். எங்கே இருந்தாலும் நீ தனியாகத்தான் இருக்கப்போகிறாய், என் ஊரில் இருந்தால் கரைக்கு வரும்போது எனக்கு ஒரு வீடு இருக்கும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஐம்பது வயதுக்கு மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்காரியாக வந்து இறங்கினேன். முகம் தமிழ் முகம், பேச்சு தமிழ்ப் பேச்சு, பாஸ்போர்ட் மட்டும் வேறு. தங்கும் அனுமதியை நீட்டிக்கப் போனால் அலுவலகத்தில் இருப்பவர் பாஸ்போர்ட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். தெருவில் எனக்கு மலேசியாக்காரம்மா என்று பெயர். வாயைத் திறந்தால் பாதிப் பேர் சிரிப்பார்கள். பசியாறிட்டீங்களா என்று கேட்டால் மட்டும் சிரிக்கமாட்டார்கள். அந்தச் சொல் இந்தப் பக்கத்திலும் புழங்குவது வந்த பிறகுதான் தெரிந்தது. அதைக் கேட்டபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நான் இருப்பது ஒரு பழைய வீட்டின் மாடியில். பக்கத்து மனையில் மரப்பட்டறை. தகரக் கொட்டகைக்குக் கீழே இழைப்பு மெஷின், அறுக்கிற மெஷின், இரண்டு மூன்று வேலையாட்கள். பின்னாலேயே ஆசாரி குடும்பத்தின் வீடு. சுற்றுவட்டாரத்தில் பிரிக்கிற பெரிய வீடுகளின் உத்திரமும் நிலையும் லாரியில் வந்து இறங்கும். அதை அறுத்து இழைத்துப் புது வீடுகளுக்குக் கதவு செய்து கொடுப்பார்கள். பழைய மரத்துக்குள் எங்கோ ஓர் ஆணி ஒளிந்திருக்கும். அதில் வாள் பட்டுவிட்டால் எழும் சத்தம் இருக்கிறதே, பல் வேரில் இறங்கும். மெஷின் சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைக் கூட்டி வைப்பார்கள். பாட்டுச் சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை என்று கத்திப் பேசுவார்கள். இதற்கு மேல் மாசியிலும் ஆடியிலும் கோயில் கொண்டாட்டத்துக்குக் கம்பத்தில் குழாய் கட்டுவார்கள். கட்டியவர் கீழே இறங்கி என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு நல்லாக் கேக்கட்டும்னு இங்குட்டுத் திருப்பிவிட்டுருக்கேன்" என்றார். நானும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். வேறு என்ன செய்ய?

எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுச் சத்தம் பொறுக்கவில்லை என்றால் குடியிருப்புச் சங்கத்தில் புகார் சொல்லலாம். முகம் பார்க்கவே வேண்டாம். இங்கே முகம் பார்த்துத்தான் எதையும் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் முறை வைத்துக் கூப்பிட வேண்டும். ஆசாரியின் மனைவி எடுத்த எடுப்பில் என்னை அக்கா என்றார். நான் அவரை என்னவென்று அழைப்பது என்று தெரியாமல் மாதக்கணக்கில் இந்தாங்க, இங்க பாருங்க என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு எங்கே போய்ச் சண்டை பிடிப்பது? பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன்.

அப்புறம் ஈப்போவில் என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது.

எனக்குக் கூடப்பிறந்தது அக்கா ஒருத்திதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள். எனக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியது அவள், முதல் சம்பளத்தில் செருப்பு வாங்கித் தந்ததும் அவள். பக்கவாதம் ஒரு பக்கத்தைச் சாய்த்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. நான் புறப்பட்டு வருகிறேன் என்றேன். அனுமதி நீட்டிப்புக்குக் கொடுத்த பாஸ்போர்ட் அலுவலகத்தில் கிடந்தது. அக்காவும் வேண்டாம் என்றாள். நீ வந்தால் திரும்பிப் போவாய், போகும்போது நான் அழ வேண்டும், ஒரே பக்கமாக அழ எனக்கு வராது என்று சொன்னதாக அவள் மகள் சொன்னாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு நக்கல் போகவில்லை.

மகள் வேலை முடிந்து வந்து, அவளுக்குக் கஞ்சி ஊட்டி, மாத்திரை கொடுப்பதற்கு முன் போனை அக்காவின் காதில் வைப்பாள். அங்கே இரவு எட்டரை, இங்கே சரியாக மாலை ஆறு. மாத்திரை போட்டால் அக்கா தூங்கிவிடுவாள், ஆகையால் நேரத்தை மாற்ற வழியில்லை. என் வீட்டிலோ தெருப்பக்கத்து அறையில் மட்டும்தான் சிக்னல். உள்ளே போனால் அந்தக் கனத்த சுவர்களுக்குள் போன் செத்துப்போகும். அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழேதான் பட்டறையின் இழைப்பு மெஷின்.

அக்கா ஒரு சொல்லைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். அந்தச் சொல்லின் மேல் மெஷின் ஏறி ஓடும். "என்னக்கா? என்னக்கா?" என்று நான் கத்துவேன். அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இரண்டு முறை முயன்றுவிட்டு ஒன்றுமில்லை என்பதுபோல் ஒரு சத்தம் கொடுத்து விட்டுவிடுவாள். அவள் எத்தனை நாள் பேசுவாள் என்று யாருக்கும் தெரியாது. பேசுகிறவரை அவள் சொல்வது என் காதில் விழ வேண்டும். எனக்கு அப்போது உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் படியிறங்கிப் போனேன். பட்டறை வாசலில் ஆசாரியின் மனைவி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். சற்று முன் அழுதிருந்தேன், முகத்தைக் கழுவவும் இல்லை. ஊரிலிருந்து போன் வருகிறது, கொஞ்ச நாளைக்குச் சத்தமில்லாமல் இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் பேசினால் குரல் உடைந்துவிடும்போல் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்தார். "நாங்க நிப்பாட்டிர்றோம்க்கா, நீங்க மேல போங்க" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து பட்டறையில் ஈ எறும்புச் சத்தம்கூட இல்லை. மெஷின் இல்லை, பாட்டு இல்லை. வேலையாட்கள் உளியைக்கூடத் தட்டாமல் பட்டைச்சீலை போட்டு மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மிக்ஸி சத்தமும் இல்லை. எனக்கு ஆச்சரியம். எனக்கு வேண்டியிருந்தது ஆறு மணிக்கு ஓர் அரை மணி நேரம், அதற்கு ஒரு நாள் முழுக்கவா தருவார்கள்?

பத்து மணி வாக்கில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஆசாரியின் மனைவியும் தெருப்பெண்கள் நாலைந்து பேரும் வந்தார்கள். ஒருவரும் வாசலில் நின்று கூப்பிடவில்லை, நேராக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் வாங்க வாங்க என்றேன். பதிலுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. முதல்முறையாக என் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்ற பரபரப்பில் நான் அதைக் கவனிக்கவும் இல்லை. ஓடிப்போய்க் காப்பி கலந்துகொண்டு வந்து நீட்டினேன். ஒருவரும் கை நீட்டவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு நான் நடுவில் நிற்க, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டம்மா என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"என்னத்தா செய்யிறது, போனவுக போயிட்டாக. நீதேன் மனசத் தேத்திக்கிறணும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இது துக்கம் கேட்க வந்த கூட்டம்.

அவர்கள் மேலும் தப்பில்லை. நல்லபடியாக இருக்கிற மனுஷி சத்தம் வேண்டாம் என்று சொல்வாள் என்பது அந்தத் தெருவில் நினைத்தே பார்க்க முடியாத விஷயம். வீடு அமைதியாக இருந்தால் அது எழவு வீடு. அக்கம்பக்கம் பாட்டை நிறுத்துவது, உரலையும் மிக்ஸியையும் நிறுத்துவது எல்லாம் எழவு வீட்டுக்குத்தான். போதாதற்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் நாலைந்து நாளாக நான் வாசலில் கோலமும் போடவில்லை. ஊரிலிருந்து போன், அழுத முகம், கோலமில்லாத வாசல். அவர்கள் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது, ஆள்தான் சாகவில்லை.

இதெல்லாம் இப்போது தோன்றுவது. அன்றைக்கு எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "யாரும் சாகல. எங்கக்கா உயிரோடதான் இருக்கு" என்று கத்தினேன். காப்பி தளும்பிப் புடவையில் கொட்டியது. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆசாரியின் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். எதிர்வீட்டம்மாதான் முதலில் தேறினார். சாகாதவர்களுக்குத் துக்கம் கேட்டால் அவர்களுக்கு ஆயுசு கூடும், ஒன் அக்காவுக்கு இனிமே கெட்டி ஆயுசு என்று என் தலையைத் தடவினார். அப்புறம் தட்டிலிருந்து ஒரு காப்பியை அவரே எடுத்துக் குடித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் ஆசாரி வந்து கீழே கேட்டுக்கு வெளியே நின்றார். மேலே வரச் சொல்லியும் வரவில்லை. குனிந்தபடியே, "எந்நேரம் பேசுவீக?" என்று கேட்டார். ஆறு மணிக்கு என்றேன். "அந்நேரம் நாங்க டீ குடிச்சுக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மணி ஆறானால் மெஷின் நின்றது. பாட்டு நின்றது. அவர்கள் கொட்டகை ஓரத்தில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் ஜன்னலோரம் போனோடு உட்கார்ந்திருப்பேன். என் முகம் ஜன்னலிலிருந்து விலகிய பிறகுதான் மறுபடி மெஷினைப் போடுவார்கள். முதல் நாள் அக்கா, வீடு மாறிட்டியா என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு மூச்சு வாங்கச் சிரிப்பு. சிரித்து முடித்து, ஒவ்வொரு சொல்லாகக் கோத்து, "என் சாவுக்குக் கோப்பி குடுத்தது நீ ஒருத்திதான்" என்றாள். முழுசாகக் கேட்டது. ஓர் எழுத்துகூட விட்டுப்போகவில்லை.

கொஞ்ச காலம் அப்படிப் பேசினோம். பிறகு சொற்கள் குறைந்தன. நான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன், அவள் ம் கொட்டுவாள். பிறகு அதுவும் இல்லை, மூச்சு மட்டும் வரும். பட்டறை நின்றிருந்ததால் அந்த மூச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு விடியற்காலையில் அவள் மகள் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் வந்த அழைப்பில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கும்? பாஸ்போர்ட் அப்போதும் என் கைக்கு வரவில்லை. கணவரின் கப்பல் நடுக்கடலில் இருந்தது, செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். அங்கே மறுநாளே எடுத்துவிட்டார்கள்.

நான் தெருவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தவளுக்குத் துக்கம் கேட்டோமே, நம் வாய்தான் பலித்துவிட்டது என்று அந்தப் பெண்கள் மருகிப்போவார்கள். எதிர்வீட்டம்மாவின் கெட்டி ஆயுசு பொய்யாகிவிடும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, சோறு வடித்து, தின்ன முடியாமல் மூடி வைத்தேன்.

ஆறு மணிக்கு மெஷின் நின்றது.

அதை நான் நினைக்கவே இல்லை. அமைதி மேலே ஏறி வந்து அறையை நிறைத்தது. கொட்டகை ஓரத்தில் டீ கிளாஸ்கள் வந்துவிட்டன. அவர்கள் நிமிர்ந்தால் ஜன்னல் தெரியும். நான் போய் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தேன், மெஷின் ஓடியது. மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். ஒருத்தி பேசுவதைக் கேட்பதற்காக ஒரு பட்டறையே எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கோ இந்தப் பக்கம் சொல்ல ஒரு சொல் இல்லை, அந்தப் பக்கம் கேட்க ஆளும் இல்லை. வாழ்க்கையில் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. அழவும் முடியாது, அந்த அமைதியில் விசும்பினால்கூடக் கீழே கேட்கும். பகலில் சத்தம் எப்படி என்னை விரட்டியதோ, அப்படி ஆறு மணி விரட்ட ஆரம்பித்தது. ஐந்தரையிலிருந்தே கடிகாரத்தைப் பார்ப்பேன்.

ஒருநாள் போனை மேலேயே வைத்துவிட்டு ஆறு மணிக்குக் கீழே போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். ஆசாரியின் மனைவியும் வாசலுக்கு வந்தார்.

"இனிமே ஆறு மணிக்கு நிறுத்த வேண்டாம்" என்றேன்.

நேரத்தை மாற்றிக்கொண்டீர்களா என்று கேட்க ஆசாரி வாயெடுத்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் மனைவி என்னையே பார்த்தார்.

"எப்பக்கா?"

"போன வாரம்."

"அப்ப இத்தன நாளும் மேல யாரு கூடப் பேசுனீக?"

அவர் என் பக்கம் வர அடியெடுத்து வைத்தார். வந்து தொட்டிருந்தால் அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால் நான் உடைந்திருப்பேன். மெஷினைப் போடுங்க என்று ஆசாரியிடம் சொன்னேன். அவர் தயங்கினார். தயவுசெய்து போடுங்க என்று மறுபடி சொல்லிவிட்டுப் படியேறினேன்.

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தவும் மெஷின் ஓடத் தொடங்கவும் சரியாக இருந்தது. தரையில் உட்கார்ந்து, எழவு வீட்டில் அழுவதுபோல, அக்கா அக்கா என்று வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டை வற்றுகிறவரை அழுதேன். மரம் ஏறினால் அந்த மெஷின் எப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று ஒரு பலகைகூட அதில் ஏறவில்லை. இருட்டும்வரை வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.