ஸ்வீட்வாட்டரில் போட்ட வேலி

ஸ்வீட்வாட்டர் ஆற்றோரத் தபால் நிலையத்தில் குதிரை மாற்ற என் தபால் வண்டியை நிறுத்தினால், லொவீனா ப்ரூயிட் உடனே காப்பி தரமாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, என் சக்கரம் பதிந்த தடத்தையெல்லாம் நடந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவாள்.

"அம்மா எதையோ தொலைச்சிட்டாங்க போல" என்று புதுப் பயணிகள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தேடியது மகனை.

1852-இல் கலிஃபோர்னியா போன வண்டிக் கூட்டத்தில் ஆறு வயது ஏசாவைக் காலரா ஒரே பகலில் கொண்டுபோனது. ஓநாய் தோண்டாமல் இருக்கப் பாதையிலேயே புதைத்து, மேலே எல்லா வண்டிகளையும் ஓட்டி அடையாளத்தை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். லொவீனா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே, அரை மைலுக்குள் எங்கோ என்பதற்குமேல் புருஷனுக்கும் சொல்லத் தெரியவில்லை. அவன் தங்கத்தைத் தேடிப் போனான். இவள் திரும்பி வந்து இங்கேயே கடை போட்டாள். மேற்கே போகிற வண்டிக்காரர்களிடம் கால் நொந்த மாடு இரண்டை வாங்கிக்கொண்டு நல்ல மாடு ஒன்று தருவாள். வருகிறவர்களிடமெல்லாம், "ஐம்பத்திரண்டுல இந்த வழியா வந்தியா?" என்று கேட்பாள்.

என்னிடமும் கேட்டாள். இல்லை என்று புளுகினேன். அந்தக் குழிமேல் முதல் வண்டியை ஓட்டியவனே நான்தான். நடுவழியில் சேர்ந்த கூலிக்காரன், அதனால் அவளுக்கு என் முகம் தெரியாது. அன்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு பனிக்காலத்தில், அவள் மண்டியிட்டு, உறைந்த தடத்தை வெறுங்கையால் சுரண்டிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் ரத்தம். தாங்க முடியாமல், அன்று குழிமேல் வண்டி ஓட்டியவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"அடப்பாவி! என் பன்றிக்கறியைத் தின்னுட்டு இவ்வளவு நாள் கம்முனு இருந்தியா?" அடிப்பாள் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கடா, டக்கெட்? எங்க?"

இடம் எனக்கும் நினைவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சவுக்கை நீட்டி, பழைய தடத்தோரம் ஒரு புதரைக் காட்டினேன். "அங்கதாம்மா."

அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டாள். நடப்பதை நிறுத்தினாள். எனக்கென்று ஆப்பிள் அப்பம் சுட்டு வைத்தாள். "தின்னுடா எலும்பா, காத்துல பறந்துறப் போற" என்று கேலி வேறு.

அதற்குப்பின் அந்த அரை மைலில் என்னால் சவுக்கைத் தூக்க முடியவில்லை. எந்த முழத்தில் கிடக்கிறானோ? தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பாறை தாண்டும்வரை நடைவேகத்தில்தான் ஓட்டுவேன்.

மே மாதம் ஒரு காலையில் கிளம்பும்போது லொவீனா வேலியில் கைவைத்து நின்றாள்.

"ஏசா இங்கதானே இருக்கான்?"

"ஆமாம்மா."

"அப்புறம் எதுக்குப் பாறை வரைக்கும் தொப்பியைக் கழட்டி வச்சிக்கிற? ஏன் அவ்வளவு மெதுவா போற?"

"குதிரைங்க களைச்சிருக்கும்மா."

அவள் குதிரைகளைப் பார்த்தாள். அப்போதுதான் லாயத்திலிருந்து கொண்டுவந்து பூட்டியவை. ஓடத் துடித்துக்கொண்டு நின்றன. தபால் பையை என் காலடியில் வைத்தாள்.

அடுத்த வாரம் வந்தபோது, வேலிக் கம்புகள் அடுப்படியில் விறகாகக் கிடந்தன. லொவீனா பாதையில் குனிந்து நடந்துகொண்டிருந்தாள். வண்டியைக் கண்டும் விலகவில்லை. கடிவாளத்தை இழுத்து நிறுத்தினேன். என் சக்கரம் எதன்மேல் நிற்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.