சொல்லாமல் போய் நின்ற ஊர்

நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்த வைக்கோலின் மணமும், அதற்குள் ஒரு சின்னப் புளிப்பும், பக்கத்தில் எங்கோ கடல் இருக்கிறது என்று சொல்லும் உப்புக் காற்றும் கலந்து வந்ததே நான் இறங்கி நடந்த முதல் பிரெஞ்சுக் கிராமத்தின் மணம். அந்த மணத்தை முகர்வதற்கு முன்பே அந்த ஊர் எனக்குப் பாடமாகிவிட்டிருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் தேவாலயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பேன்.

டென்மார்க்கில் நாங்கள் இருந்த இக்காஸ்டில் ஏழாம் வகுப்புக்கு வந்ததும் ஜெர்மன் அல்லது பிரெஞ்சு எடுக்க வேண்டும். அநேகமாக எல்லாரும் ஜெர்மன் எடுத்தார்கள். பாரிசில் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்ற ஒரே நியாயத்தில் அம்மா என்னைப் பிரெஞ்சில் போட்டார். எங்கள் ஆசிரியைக்கு நோர்மண்டியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தோடு பழக்கம் இருந்ததால், வருசம் முழுக்க அந்த ஒரு கிராமத்தின் புவியியலும் வரலாறும் பொருளாதாரமும்தான் எங்களுக்குப் பாடம். சுண்ணாம்பு மண் மேட்டில் ஆறே இல்லாத ஊர் அது. பெய்கிற மழையெல்லாம் கீழே இறங்கிவிடும் என்பதால் மாடுகளுக்குக் குளம் வெட்டி வைத்திருந்தார்கள், கடற்காற்றை மறிக்கப் பண்ணைகளைச் சுற்றி உயர்ந்த மரங்களை நட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தறி இருந்ததாம். பள்ளத்தாக்கில் ஆலைகள் வந்ததும் தறிகள் நின்றன, சனம் பட்டணத்துக்குப் போனது, மிஞ்சியவர்களில் பலரின் பெயர் போர் நினைவுக்கல்லில் ஏறியது. இப்போது ஊருக்குச் சோறு போடுவது ஆளிச் செடி. லினன் துணிக்கு நார் தருகிற அந்தச் செடியை அறுக்க மாட்டார்கள், வேரோடு பிடுங்கி வயலிலேயே கிடத்துவார்கள். பனியிலும் மழையிலும் தண்டு அழுகினால்தான் நார் கழன்று வரும். துணி ஆலையில் ஷிப்ட் வேலை செய்த அப்பாவுக்கு இந்தக் கதை நன்றாகப் பிடித்துவிட்டது. ஊரின் உண்மைப் பெயர் வாயில் நுழையாததால் அவரே அதற்கு "ஆளியூர்" என்று பெயரும் வைத்துவிட்டார்.

ஒவ்வொருவருக்கும் அந்த ஊரில் ஒரு கடிதச் சிநேகிதி கிடைத்தாள். எனக்குக் கிடைத்தவள் மத்தில்த், ஆளி விதைக்கிற வீட்டுப் பிள்ளை. மழை கூடினால் நார் கறுத்துப் போய்விடும், அப்பா சாப்பிடாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றெல்லாம் எழுதுவாள். வகுப்பில் என்னோடு கதைக்க அதிகம் பேர் இல்லாத காலம் அது. அவளுடைய கடிதத்தை நான் காத்திருந்ததுபோல் இன்றுவரை எதற்கும் காத்திருந்ததில்லை.

வசந்த காலத்தில் பிரெஞ்சு வகுப்பு முழுவதும் அங்கே "லைர்ஸ்கோலே" போவதென்று முடிவானது. பள்ளிக்கூடத்தோடு வெளியூர் போய்த் தங்குவதற்கு டென்மார்க்கில் அதுதான் பெயர். அவரவர் சிநேகிதி வீட்டிலேயே படுக்கை என்றதும் அப்பா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"ஆர் எவர் எண்டு தெரியாத வீட்டில பொம்பிளைப் பிள்ளைய என்னெண்டு விடுறது?"

ஆசிரியை வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்து, எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா மரியாதையாகச் சிரித்தபடியே இல்லை என்றார். மத்தில்தின் வீட்டில் எனக்கென்று வைத்திருந்த கட்டிலில் என் வகுப்புப் பிள்ளை லீனே படுத்தாள். ஜெர்மன் வகுப்பும் வெளியூர் போயிருந்ததால் அந்த வாரம் முழுக்க நான் ஆறாம் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து, ஏற்கெனவே படித்த கணக்கை மறுபடி செய்தேன். திரும்பி வந்த பிள்ளைகள் அந்த ஊரைப் பற்றிக் கதைத்தபோது, அவர்கள் சொன்ன ஒவ்வொரு இடமும் எனக்குத் தெரிந்திருந்தது. அங்கே நடந்த ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. மத்தில்தின் கடிதங்களும் மெல்ல மெல்லக் குறைந்தன.

எங்கள் பிடிவாதக்கார அப்பாவுக்கும் மனது உறுத்தியிருக்க வேண்டும். யூலை லீவில் வழக்கம்போல் தெற்குப் பிரான்சில் லூர்து மாதாவிடம் போய்த் திரும்பும்போது, "போற வழியில ஆளியூரையும் பாத்திட்டுப் போவம்" என்றார். அது எந்த வழியிலும் இல்லை என்பது வரைபடம் பார்த்த எனக்குத் தெரியும். முதலில் அறிவிக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "சொல்லிப்போட்டுப் போறதுக்கு நாங்கள் என்ன பிறத்தியாரோ?" என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன் ஆர் எவர் என்று தெரியாதிருந்தவர்கள் அதற்குள் எங்களுக்கு உறவாகிவிட்டிருந்தார்கள்.

நடுமதியம் போய்ச் சேர்ந்தோம். மத்தில்தின் வீட்டு யன்னல்கள் பலகையால் மூடிக் கிடந்தன. பக்கத்து வளவில் வேலி வெட்டிக்கொண்டிருந்த மனிதர் எங்கள் காரின் இலக்கத் தகட்டைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். குடும்பமே லீவுக்கு டென்மார்க் போயிருக்கிறது, பிள்ளையின் சிநேகிதி வீட்டுக்கு, லீனே என்று பெயர் என்றார். விளங்காமலே அப்பாவும் அவரோடு சேர்ந்து சிரித்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"வெளியில போட்டினமாம்."

"அப்ப நிண்டு பாத்திட்டே போவம்."

அவர்கள் லீனே வீட்டில் நிற்கிறார்கள் என்பதை அப்பாவிடம் மறைத்துவிட்டேன். தேவாலயத்துக்கு முன்னால் இருந்து அம்மா கட்டி வந்த சோற்றைச் சாப்பிட்டோம். பிறகு அப்பா, "வா, உன்ர ஊரைக் காட்டு" என்றார். குளத்தைக் காட்டினேன், காற்றை மறிக்கும் மரங்களைக் காட்டினேன், நினைவுக்கல்லில் இருந்த பெயர்களை வாசித்தேன். வயலில் வரிசை வரிசையாகக் கிடந்த ஆளியில் ஒரு தண்டை எடுத்து முறித்து நாரை உரித்துக் கொடுத்தேன். சிநேகிதி வரும்வரை பொழுதுபோக்குகிறேன் என்று நினைத்து அவர் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார். ஒரு ஊரையே விளங்கப்படுத்தும் அளவுக்குப் படித்து வைத்திருந்தும், அங்கே என்னைத் தெரிந்த ஒரு சீவன் இல்லை. பொழுதுபடும் நேரம் அப்பாதான் காரை எடுத்தார்.

வீடு வந்த அடுத்த நாள் சைக்கிளில் லீனேயின் தெருவுக்குப் போனேன். பிரெஞ்சு இலக்கத் தகட்டோடு ஒரு கார் நின்றது. வேலிக்குப் பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள் தண்ணீர் அடித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அழைக்காத டேனிஷ் வீட்டுக்குள் எப்படிப் போவது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தந்ததில்லை. திரும்பி வந்துவிட்டேன். பிறகு அவளும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு இல்லை. அப்பா வேலை செய்த ஆலைக்குள் உடற்பயிற்சிக்கூடம் நடக்கிறது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் வைலேயில் இருக்கிறேன், அப்பா இக்காஸ்டில் தனியே. போனில் கதைக்க விசயம் முடிந்துபோனால் அவர் தவறாமல் விசாரிப்பது ஒருத்தியைத்தான்.

"அந்தப் பிரெஞ்சுப் பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?"

"நல்லா இருக்கிறாள் அப்பா."

"கலியாணம் கட்டிட்டாளே?"

"ஓம், ரண்டு பிள்ளையள்."

"பாத்தியே, அண்டைக்கு நான் கூட்டிக்கொண்டு போனபடியாத்தான் இவ்வளவு காலமும் விடாமல் சிநேகிதமா இருக்கிறியள்."

"ஓம் அப்பா" என்கிறேன்.