கரையேறி வந்த தண்ணீர்

மொட்டைமாடித் தொட்டியைக் கழுவ, என் மகள் ஹோஸைப் போட்டுத் தண்ணீரை இறக்கினாள். அந்தக் களகளச் சத்தம் என்னை நான் பிறந்த கூமாப்பட்டிக்குக் கொண்டுபோனது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கண்மாய் மடை திறக்க முடியாமல் இறுகிப்போய், கரைக்கு இந்தப் பக்கம் எங்கள் நெற்பயிர் வாடியது. பார்க்க வந்த இன்ஜினியர் அக்கா, நீண்ட குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் அடைத்தார். அதைக் கரைமேல் போட்டு, ஒரு முனையைக் கண்மாய்த் தண்ணீருக்குள்ளும் மறுமுனையை வயலிலும் விட்டார்.

"மோட்டார் இல்லாம எப்படித் தாயி கரையேறும்?" என்றார் அப்பா.

"வயல் பள்ளத்துலதான கெடக்கு. செத்த நேரம் பொறுங்கண்ணே."

இரு அடைப்பையும் எடுத்ததும் தண்ணீர் கரையேறி வந்து கொட்டியது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

விவசாயம் படிப்பதா இன்ஜினியரிங் படிப்பதா என்று ஒரு வாரமாகத் தவித்த மகளிடம் இதைச் சொன்னேன்.

"அவிய என்னம்மா படிச்சிருந்தாக?"

"வேளாண் பொறியியல்."

கவுன்சலிங் பட்டியலில் அதை முதலிடத்தில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.